ராயபுரம் முற்றத்தில் டீக்கி 21: கட்டி முடித்தவரின் மதிப்புரை

நான் காசு கொடுத்து வாங்கியது ஒரு கட்டு வரைபடத் தாள்கள். அவற்றை வைத்துக்கொண்டு ராயபுரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில், இரண்டு உடல்களும் மூன்று குறுக்குத்தண்டுகளும் கொண்ட 21 அடிப் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டி, 2025 பிப்ரவரியில் திருவொற்றியூர்க் கரையிலிருந்து கடலில் இறக்கினேன். நான் தச்சனும் இல்லை, மீனவனும் இல்லை. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுபவன். இந்த வரைபடம் கேட்ட விலைக்குத் தகுமா, அதை நம்பி வடசென்னையில் ஒருவர் படகு கட்டலாமா என்று நண்பர்கள் பலர் கேட்டுவிட்டதால், ஒரே முறையாக எழுதிவிடுகிறேன்.

படகின் பெயர் டீக்கி 21. பெயரைச் சொன்னவுடன் காரின் டிக்கியா என்று கேட்காதவர் எங்கள் தெருவில் இல்லை. வடிவமைத்தவர் 1928-இல் மான்செஸ்டரில் பிறந்து 2021 டிசம்பரில் மறைந்த ஜேம்ஸ் வொர்ரம். பசிபிக் தீவினரின் இரட்டை ஓடங்கள் பெருங்கடலைத் தாண்டவல்லவை என்பதை ஏட்டில் வாதிடுவதைவிடக் கடலில் காட்டுவது மேல் என்று எண்ணி, 1950-களின் நடுவில் இருபத்துமூன்றரை அடி நீளமுள்ள இரட்டை ஓடம் ஒன்றைத் தாமே கட்டி, இரண்டு ஜெர்மானியப் பெண்களுடன் அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட் போய்ச் சேர்ந்தவர் அவர். பிற்காலத்தில் அவரும் அவருடன் பணியாற்றிய வடிவமைப்பாளர் ஹன்னகே பூனும் சேர்ந்து, வீட்டில் கட்டுவோருக்கென்றே பல படகுகளை வரைந்தார்கள். அந்த வரிசையில் சிறியவற்றுள் ஒன்று இந்த 21 அடிப் படகு. சிறியது என்று இளக்காரமாக எண்ண வேண்டாம். ரோரி மெக்டூகல் என்ற ஆங்கிலேயர் தாமே கட்டிய டீக்கி 21-இல் 1991-இல் புறப்பட்டு 1997-இல் உலகைச் சுற்றி முடித்தார். எனக்கு அவ்வளவு ஆசை கிடையாது. எண்ணூருக்கு அப்பால் இரண்டு நாள் போய்வரக்கூடிய படகு, என் சேமிப்புக்குள் அடங்கினால் போதும் என்றுதான் தேடினேன்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் எங்கள் சந்து. சேர்த்துக் கட்டினால் படகின் அகலம் ஏறத்தாழ 12 அடி. எங்கள் சந்தில் இரண்டு சக்கர வாகனங்கள் எதிரெதிரே வந்தாலே ஒன்று பின்வாங்க வேண்டும். ஆனால் இந்தப் படகில் எல்லாமே தனித்தனி. ஒல்லியான இரண்டு உடல்களைத் தனித்தனியாகக் கட்டி, தனித்தனியாக வெளியே எடுத்து, கடற்கரையில் குறுக்குத்தண்டுகளோடு கயிற்றால் பிணைத்துக்கொள்ளலாம். ஒற்றை உடல் படகு எதுவானாலும் அதன் அடிக்கனமும் அகலமும் சேர்ந்து, முற்றத்திலேயே அதற்குச் சமாதி கட்டியிருக்கும். படகு வரைபடம் வாங்க நினைக்கும் எவரும் முதலில் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வருவது நல்லது.

வரைபடத்தின் தரத்தைப் பற்றிச் சொல்வதானால், நான் கொடுத்த பணத்துக்கு இதிலேயே பாதி திரும்பிவிட்டது. பெரும்பாலானவை பூன் கையால் வரைந்த படங்கள். ஒரு பலகை எங்கே நிற்கிறது, அதன் பின்னால் எது வருகிறது, எந்தப் பக்கத்திலிருந்து எபாக்ஸி என்ற ஒட்டுப்பசையைப் பூச வேண்டும் என்பதை ஒரு மனிதர் பக்கத்தில் நின்று சுட்டிக்காட்டுவதுபோல் அவை காட்டுகின்றன. எனக்கு உதவிக்கு வந்த தச்சருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அலமாரியும் கதவும் செய்து பழகியவர். எல்லாக் கோணமும் மட்டத்துக்கு நிற்க வேண்டும் என்பது அவர் கைவழக்கம். முதல் நாள் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு எடத்துலகூட மட்டப்பலகைக்கு வேலை இல்லையே சார்" என்றார். இரண்டாம் வாரத்தில் என்னைக் கேட்காமலேயே அடுத்த தாளைப் புரட்டி வேலையைத் தொடங்கியிருந்தார். முழுத் தொகுப்பை வாங்கும் முன் குறைந்த விலையில் அறிமுகத் தொகுப்பு ஒன்றும் கிடைக்கிறது. அவசரக்காரர்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறேன்.

கட்டும் முறையைத் தையலும் ஒட்டும் என்று சொல்லலாம். பிளைவுட்டை வரைபடத்தின் அளவுக்கு வெட்டி, ஓரங்களில் சிறு துளையிட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோல் தைத்து இழுத்தால், தட்டையாகக் கிடந்த பலகைகள் தாமே வளைந்து படகின் வடிவம் கொள்கின்றன. பிறகு உள்மூலையில் எபாக்ஸிக் கூழை அப்பி, அதன்மேல் கண்ணாடியிழை நாடாவை ஒட்டிவிட்டால், கம்பிக்கு வேலை முடிந்தது. இங்கிலாந்தில் 1962-இல் வடிவமைக்கப்பட்ட மிரர் என்ற சிறு படகு இந்த முறையைப் பரவலாக்கியது என்பார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது நம் மசூலாப் படகுதான். சென்னையில் துறைமுகம் எழும் முன், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்த அந்தப் படகில் ஆணியே இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்ததால், அலை அறைந்தபோது அது நெகிழ்ந்து கொடுத்தது. அது நீர் கசிந்தால் இறைத்துக்கொண்டே போவார்கள். எபாக்ஸி வந்த பிறகு இறைக்கும் வேலை மட்டும் குறைந்திருக்கிறது.

வரைபடத்தில் குறை காணாத நான், பொருள் வாங்கிய இடங்களில் பட்டது கொஞ்சநஞ்சம் அல்ல. சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் பிளைவுட் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாக் கடையிலும் மரைன் என்று கேட்டால் மரைன் தருவார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே பொருள் எதுவும் இல்லை. நாம் கேட்க வேண்டியது ஐஎஸ் 710 என்ற, கடல்தர பிளைவுட்டுக்கான இந்தியத் தரம். கொதிநீரில் 72 மணி நேரம் போட்டாலும் அடுக்குப் பிரியக்கூடாது என்பது அந்தத் தரத்தின் சோதனை. முதல் தவணையாக நான் எடுத்த ஆறு ஷீட்டுகளிலும் அந்த முத்திரை அழகாக இருந்தது. சந்தேகம் வந்து, ஒரு ஷீட்டின் மூலையில் உள்ளங்கை அளவுக்கு வெட்டி, வீட்டில் பழைய இட்லிக் குண்டானில் போட்டுக் கொதிக்கவைத்தேன். மூன்று நாளெல்லாம் தேவைப்படவில்லை. நான்காவது மணி நேரத்திலேயே ஓரம் விசிறிபோல் விரிந்து, மேலடுக்கு நகத்தால் கிள்ளினாலே உரிந்து வந்தது; குண்டானில் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது, "பிளைவுட்டை யாராவது வேகவைப்பாங்களா சார்" என்று கடைக்காரர் சிரித்தார். பணம் திரும்பவில்லை. அந்த ஆறு ஷீட்டுகளும் இன்று எங்கள் வீட்டுப் பரணில் தட்டுகளாக இருக்கின்றன.

இரண்டாம் முறை கொஞ்சம் விவரத்தோடு போனேன். ஷீட்டின்மேல் அச்சாகியிருக்கும் ஐஎஸ்ஐ உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் கடை வாசலிலேயே தட்டிப் பார்த்து, அந்த உரிமம் நடப்பில் இருக்கிறதா, அதே பொருளுக்குத்தானா என்று உறுதி செய்துகொண்ட பிறகே விலை பேசினேன். அதற்குப் பிறகும் ஒரு துண்டு குண்டானுக்குள் போனது. விளிம்பைப் பார்க்கவும் பழகிக்கொண்டேன்: உள்ளடுக்குகளுக்கிடையே கருப்பாக இடைவெளி தெரிந்தால், அந்த ஷீட்டை வளைக்கும்போது அங்கேதான் ஒடியும். வீட்டு அலமாரிக்கு அது பெரிய குறை இல்லை. கடல் நீருக்கு அது வாசல்.

எபாக்ஸியின் கதை வேறு மாதிரி. காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டுவோர் பயன்படுத்துவது பாலியஸ்டர் ரெசின். விலை குறைவு, வேகமாக இறுகும், அச்சில் வார்க்கும் படகுக்கு அது போதும். ஆனால் மரத்தைப் பிடித்துக்கொள்வதில் அது எபாக்ஸிக்கு ஈடாகாது. எபாக்ஸிதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததும், பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் எபாக்ஸியைக் கொடுத்துவிட்டு, அதோடு கண்ணாடியிழை என்று நறுக்கிய இழைப் பாயைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பாயின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பாலியஸ்டரில்தான் கரையும். எபாக்ஸியில் கரையாமல் விறைப்பாக நின்று, மூலைகளில் தூக்கிக்கொண்டு காற்றுக்குமிழி விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முழுவதையும் மறுநாள் சுரண்டி எடுத்தேன். கேட்க வேண்டியது நெய்த துணி. தறியில் நெய்ததுபோல் குறுக்கும் நெடுக்கும் இழை தெரிய வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்ற பழக்கங்களை வரைபடம் கற்றுத்தர முடியாது. நாமேதான் கண்டுகொள்ள வேண்டும். எபாக்ஸி கலந்தவுடன் தானே சூடாகும். வெப்பம் பத்து பாகை கூடினால் இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகும். மே மாதத்தில் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் அரைக் கிலோ கலந்து வைத்துவிட்டு, கைப்பேசியில் ஒரு அழைப்பை எடுத்துப் பேசி முடிப்பதற்குள், டப்பா புகைந்து ஒரு பக்கமாக உருகிச் சாய்ந்திருந்தது. அன்றிலிருந்து ஆழமான பாத்திரத்தில் கலப்பதில்லை. அகலமான தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பிவைத்தால் சூடு பிரிந்து, வேலைக்கு நேரம் கிடைக்கிறது. பூசுவதற்கு உகந்த வேளை மாலை நான்கு மணிக்கு மேல்தான். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சு முழுக்க ஊசித்துளையாகக் குமிழி விடும். மாலையில் மரம் குளிர்வதால் அது பூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மார்கழிப் பனியில் வேறொரு தொல்லை: இறுகிய பூச்சின்மேல் மறுநாள் எண்ணெய் தடவியதுபோல் ஒரு வழவழப்பு படிந்திருக்கும். அதை வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அடுத்த பூச்சு. கழுவாமல் உப்புத்தாள் போட்டால், அந்தப் பிசுக்கை மரத்துக்குள்ளேயே தேய்த்துவிட்டதாக ஆகும். மூலைகளில் அப்பும் கூழின் பதத்தை வரைபடம் விவரிப்பதைவிட எங்கள் தச்சர் நன்றாகச் சொன்னார்: பஜ்ஜி மாவுப் பதம் ஓடும், பூரி மாவுப் பதம் ஒட்டாது, வடை தட்டும் பதம் வேண்டும்.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு உடல்களும் முற்றத்தில், செங்கல் அடுக்கின்மேல் கிடந்தன. முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியபோது, அவை இரண்டும் செங்கல்லை விட்டுத் தூக்கிக்கொண்டு மிதந்து, துளசி மாடத்தை ஒரு முறை முட்டிவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றன. அதுதான் உண்மையான வெள்ளோட்டம். இரவு முழுதும் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. முட்டிய இடத்தில் வண்ணம் மட்டும் உரிந்திருந்தது.

இந்தப் படகைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்பும் செய்தி அதன் கட்டில் இருக்கிறது. குறுக்குத்தண்டுகளை உடலோடு இணைக்க போல்ட் கிடையாது. கயிறு சுற்றிப் பிணைப்பதுதான். சுக்கானுக்கும் உலோகக் கீல் இல்லை. எட்டு வடிவில் கயிற்றால் தைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலக்காரர்கள் இரண்டு உடல் படகுக்கெல்லாம் கட்டுமரம் என்ற நம் சொல்லை எடுத்து வைத்துவிட்டார்கள். நம் கட்டுமரத்துக்கு உடலே கிடையாது, சேர்த்துக் கட்டிய மரக்கட்டைகள்தான் என்பதால், அது பொருந்தாப் பெயர் என்றே நான் நினைத்திருந்தேன். இந்தப் படகில் அந்தப் பெயர் முதல் பாதியிலாவது பொருந்துகிறது. போல்ட் போட்டால் அலையின் அசைவு முழுவதும் துளையைச் சுற்றி ஒரே இடத்தில் குவிந்து, மரம் விரிந்து, நீர் புகும். கயிறோ அசைவைத் தன்னிடமே வாங்கிக்கொள்கிறது.

வரைபடம் காட்டியபடி நான் சுற்றிய முதல் கட்டு, ஏறி நின்று ஆட்டியபோதே நெகிழ்ந்தது. காசிமேட்டில் இளம் வயதில் கட்டுமரம் ஓட்டிய பெரியவர் ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். இரண்டு விரலால் கயிற்றைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "இறுக்கிச் சுத்தறதுல இன்னா கீது தம்பி? சுத்தின கயித்தை நடுவுல போட்டு நெரிக்கணும், அங்கதான் கீது" என்றார். சுற்றுகளுக்குக் குறுக்கே, தண்டுக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில், அவர் நான்கு சுற்றுப் போட்டுக் காலை ஊன்றி இழுத்ததும், அதுவரை சொத்தென்று இருந்த கட்டு வீணைத் தந்திபோல் ஒலித்தது. திரும்பிப் பார்த்தால், வரைபடத்தின் ஓரத்தில் அதே குறுக்குச் சுற்று வரைந்திருக்கிறது. பார்த்தும் அதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

கயிறு வாங்குவதில் மட்டும் காசிமேட்டுக் கடைகளின் வழக்கம் நமக்கு ஒத்துவராது. வலைக்கும் நங்கூரத்துக்கும் அங்கே விற்பவை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனும் நைலானும். முன்னது வெயிலில் நாள்பட நைந்துவிடும். பின்னது நனைந்தால் நீளும், நங்கூரத்துக்கு அந்த நீட்சி நல்லது, கட்டுக்கு அது எமன். கட்டுக்கு வேண்டியது பாலியஸ்டர்க் கயிறு என்று கேட்டு வாங்க வேண்டும். உலோகச் சாமான்களில் 316 ரக ஸ்டீல் தேவை. காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவோர் இருக்கிறார்கள், ஆனால் 304-உம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனையால் பயனில்லை. எழுத்தில் சான்று தரும் கடையில் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். பாய் தைக்க டேக்ரான் துணி வெளியூரிலிருந்து வந்தது. முதல் சில மாதங்களுக்குத் தார்ப்பாயில் ஒன்று தைத்துப் பழகிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. செய்து பார்த்தேன், பழகுவதற்குப் போதும்.

மொத்தம் ஐந்தரை லட்சம் ரூபாய் ஆனது, என் உழைப்புக்கும் முற்றத்துக்கும் விலை போடாமல். அதில் பிளைவுட்டும் எபாக்ஸியும் கண்ணாடியிழையும் சேர்ந்தே மூன்றில் ஒரு பங்குதான். உடல் முடிந்தால் படகு முடிந்தது என்று நினைத்துக் கையிருப்பைச் செலவழித்தவர்கள்தான் பாதியில் நிற்பவர்கள். வார இறுதிகளும் பண்டிகை விடுமுறைகளுமாக மூன்று ஆண்டுகள் பிடித்தன. கூலிக்கு ஆள் வைப்பதானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தை மறந்துவிட வேண்டும். விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்கக் கரையில் நிற்கும் அந்த 61 நாளில் காசிமேட்டில் கண்ணாடியிழை வேலை தெரிந்த ஒரு கை நமக்குக் கிடைக்காது.

எங்கள் சந்திலிருந்து படகு வெளியேறிய நாளில் இரண்டு மீன்பாடி வண்டிகளை முன்னும் பின்னுமாக வைத்து, அவற்றின்மேல் ஓர் உடலைக் கயிற்றால் கட்டி ஓட்டிப் போனோம். முனையில் மின்கம்பத்தருகே திரும்பும் இடத்தில் முன்வண்டி வலப்புறமும் பின்வண்டி இடப்புறமும் மிதிக்க வேண்டியிருந்தது. தெருவே கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னதில் அரை மணி நேரம் ஓடியது. படகின் முன்முனையான அணியத்தில் நான்கு விரல் இடம் மிச்சமிருந்தது.

கடலில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பட்சபாதமில்லாமல் சொல்ல முயல்கிறேன். துறைமுகம் வந்ததிலிருந்து வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கி, மெரினா அகன்று, எங்கள் பக்கம் கரை அரித்துப்போனதால், பாறை கொட்டிய கரைதான் இங்கே பெரும்பாலும் இருக்கிறது. தூண்டில் வளைவுகளுக்கு இடையே மணல் சேர்ந்திருக்கும் சிறு இடத்தில், குப்பத்துப் பஞ்சாயத்தாரின் அனுமதியோடு படகை ஏற்றி வைத்திருக்கிறேன். ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான நீரே போதும் என்பதால் கரையேற்றுவது எளிது. எட்டுப் பேர் தோள்கொடுத்தால் போதும். பிற்பகல் கடற்காற்றில் பக்கவாட்டாகப் போகும்போது கைப்பேசி எட்டு நாட் (மணிக்கு எட்டு கடல் மைல்) வேகம் காட்டியிருக்கிறது. காற்றுக்கு எதிரே நெளிந்து ஏறுவதில் ஆழமான அடிப்பலகை கொண்ட படகோடு இது போட்டியிடாது. திசை மாற்றும்போது சுக்கானை வெடுக்கென்று திருப்பினால் நடுவிலேயே நின்றுவிடும். முன்பாயைச் சற்று நேரம் எதிர்ப்பக்கமே பிடித்திருந்தால் அணியம் திரும்பும். அடியில் கனம் இல்லாத படகு ஆதலால் கவிழ்ந்தால் மூழ்காது, தானே நிமிரவும் செய்யாது. பாயை எப்போது சுருக்குவது என்பதைக் கற்றுக்கொள்ளாதவர் இதில் ஏறக்கூடாது. அலை தாண்டி வெளியேற நான் சிறிய வெளியிணைப்பு மோட்டார் ஒன்று வைத்திருக்கிறேன்.

பயணப் படகு என்ற பெயருக்கு ஏற்ப ஒவ்வோர் உடலிலும் ஓர் ஆள் படுக்க இடம் உண்டு. அதற்குள் நுழைவதைவிட அணிந்துகொள்வது என்று சொல்வதே பொருத்தம். தை, மாசியில் உள்ளே நல்ல உறக்கம் வரும். சித்திரையில் அரை மணி தாங்காது. இரவு தங்குவதென்றால் நடுத்தளத்தில் கூடாரத்துணி கட்டி, காற்றோட்டத்தில் படுப்பதே நம் ஊருக்குச் சரி. நின்று சமைக்க, நாற்காலியில் உட்கார இடம் வேண்டுவோர் இந்த வரிசையிலேயே பெரிய வடிவங்களைப் பார்க்கலாம். ஆனால் அப்போது சந்தின் அகலத்தை மீண்டும் அளக்க வேண்டும்.

கட்டத் தொடங்கும் முன் ஒரு வாரமாவது ஏதாவது பாய்ப்படகில் ஏறிப் பழகிவிடுவது நல்லது. துறைமுக வளாகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இயங்குகிறது. அதைத் தொடங்கிய பிரான்சிஸ் ஸ்பிரிங்தான் அப்போது துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர்; அடுத்த ஆண்டு அவர் அலுவலகத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தவர் கணித மேதை ராமானுஜன். நானும் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை, அவ்வளவுதான். கப்பல்கள் வந்துபோகும் பாதையை விட்டு ஒதுங்கியே ஓட்ட வேண்டும். கிளம்பும் முன் கடலோரக் காவல் படையினருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பார்கள், பாயில் ஓடுவது என்று சொன்னால் நம்பாமல் எழுதிக்கொள்வார்கள்.

ஓர் ஆண்டு கடலில் இருந்த பிறகு எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்துப் பார்த்தேன். குறுக்குத்தண்டுக் கட்டுகளில் பழுது இல்லை. இடப்பக்கச் சுக்கானின் தையல் மட்டும் கீழ்த்துளையில் உராய்ந்து மயிர்விட்டிருக்கிறது. துளையின் விளிம்பை நான் சரியாக உருட்டித் தேய்க்காததுதான் காரணம். மூன்று மீட்டர்க் கயிறு, ஒரு முழு உப்புத்தாள், ஒரு பிற்பகல் வேலை.